வள்ளம் இழுத்த வண்டிக்கு ஆறு கேலன்

“எஞ்சின் எவ்வளவு குடிக்கும்ணு இனி பள்ளிக்கூடத்துப் பிள்ளையா வந்து சொல்லித்தரப் போவுது?”

தக்கலையில் மரம் விற்கும் தடிக்கடை வைத்திருந்த லாரி முதலாளி என் அப்பாவிடம் இப்படிக் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைப் பார்த்துக் கேட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கோபப்படவும் இல்லை. சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்பா அவரிடம் டிரைவர். யுத்த காலத்தில் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் கிளீனராக ஏறி, பார்த்துப் பார்த்தே ஓட்டப் பழகியவர். எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளியிறுதி வரை படித்துத் தேறிய முதல் ஆள் நான். ஆசிரியப் பயிற்சிக்கு எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் காத்திருந்தேன்.

அந்த லாரி பட்டாள ஏலத்தில் எடுத்த சின்ன வண்டி. அதன் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு முதலாளி டீசல் எஞ்சின் பூட்டியிருந்தார். எங்கள் பக்கம் அப்போது டீசல் வண்டி அபூர்வம். சும்மா ஓடினால் கேலனுக்குப் பதினைந்து மைல், இரண்டு டன் தடி ஏற்றினால் பதினொன்று என்று, பெண் பார்க்க வந்தவர்களிடம் மகளைப் பற்றிச் சொல்வதுபோல எல்லோரிடமும் சொல்லுவார்.

சித்திரையில் அந்த வண்டிக்கு வேறு வேலை வரும். வைகாசி பாதி கடந்தால் மேற்குக் கடல் கலங்கிவிடும். அதற்கு முன்பே இனயம் பக்கத்தில் கரையிலிருந்து வலை இழுக்கும் கரைமடிக்காரர்கள் சிலர் தங்கள் வள்ளங்களைக் கன்னியாகுமரிக்குக் கிழக்கே உள்ள கரைக்கு மாற்றுவார்கள். வள்ளத்தை இரண்டு சக்கர டிரெயிலரில் ஏற்றி, லாரிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி, சாலை வழியே கொண்டுபோவது அப்போதுதான் தொடங்கியிருந்தது. அந்த வேலைக்கு லாரி குடித்த டீசலைத்தான் முதலாளியால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. போய்வர எட்டு கேலன் ஆனது. வள்ளம் இழுக்கும்போது கேலனுக்கு ஆறு மைல்கூடத் தேறவில்லை.

“ரெண்டு டன் தடிக்கு பதினொண்ணு தாற வண்டி. இந்த வள்ளம் ரெண்டு டன் வராது. பின்ன எப்படி ஓய் ஆறு? மிச்ச டீசல் எந்தக் கடையில இறங்குது?”

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயம். அப்பாவிடம் இருந்த ஒரே பதில், “இழுக்குது முதலாளி. பின்னால இருந்து ஆரோ பிடிச்சு வலிக்கிய மாதிரி இழுக்குது” என்பதுதான். முதலாளி டாங்கியின் மூடிக்குப் பூட்டுப் போட்டார். தடிக்கடையில் இருந்த எல்லோருக்கும் அந்தப் பூட்டின் அர்த்தம் தெரியும். அம்மா விஷயம் தெரிந்ததும், “பூட்டுப் போட்டது டாங்கிக்கா, நம்ம குடும்பத்துக்கா?” என்றாள். அப்பா சாப்பிடாமல் எழுந்துபோனார்.

மறுநாள் நானே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், வண்டிக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டுச் சொல்வதாகச் சொன்னேன். அப்போது வந்ததுதான் அந்தக் கேள்வியும் சிரிப்பும். நான் நகரவில்லை. கடைசியில் முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“செரி பிள்ளே, நீயே சொல்லு. நாளைக்கு ஒரு வள்ளம் உண்டும். போய்வர எத்தன கேலன் வேணும்?”

“ஆறு.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஆறு ஊத்தித் தாறேன். நீயும் கூடப் போ. டாங்கிச் சாவி உனக்க கையில இருக்கட்டும், அப்பன் கையில வேண்டாம். வண்டி வழியில நிண்ணுதுண்ணா, உனக்க அப்பன் வேற வண்டி பாக்கட்டும்.”

“நிக்காது.”

வெளியே வந்ததும் அப்பா, “எட்டு கேளுண்ணு சொன்னேம்லா பிள்ளே” என்றார்.

“எட்டு கேட்டா நாமளே திருட்ட ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கும்.”

“ஆறு கேட்டா வண்டி நிக்கும்.”

“கணக்குப்படி அஞ்சேகால் போதும் அப்பா. நான் முக்கால் கூட்டித்தான் சொல்லியிருக்கேன்.”

வண்டியை ஓட்டியவர் அவர். காகிதத்தில் ஓட்டியவள் நான். அன்று அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை.

காலையில் முதலாளியின் முன்னாலேயே காலி டாங்கியில் கேலன் கேலனாக ஊற்றினோம். ஒவ்வொன்றுக்கும் அப்பா ஒரு குச்சியை டாங்கிக்குள் விட்டு, நனைந்த இடத்தில் கத்தியால் வெட்டிக் குறி வைத்தார். ஆறாவது குறி விழுந்ததும் பூட்டிச் சாவியை என்னிடம் தந்தார்கள்.

இனயம் பத்து மைல். போகும்போது ஒரு குறைவும் இல்லை. குச்சி நான் எதிர்பார்த்த இடத்திலேயே நனைந்தது. இருபது பேர் சேர்ந்து வள்ளத்தை டிரெயிலரில் ஏற்றினார்கள். பிறகு நானும் அப்பாவும் பால் விடாத கட்டன்சாயா குடிக்கப் போனோம். பெண்கள் கடலுக்கும் வள்ளத்துக்குமாகக் குடங்களோடு நடந்துகொண்டிருந்தார்கள். “வள்ளத்த நனைக்கியாவ” என்றார் அப்பா. ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த வள்ளம் அது. வெயிலில் காய்ந்தால் பலகை சுருங்கித் தையல் விட்டுப்போகும். இது எனக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்பதால் மறுபடி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நாங்கள் திரும்பி வரும்போது வள்ளத்தை ஓலையால் மூடிக் கட்டியிருந்தார்கள். வள்ளக்காரர், ஐம்பது வயதிருக்கும், லாரியின் பின்னால் வலைகளுக்கும் சாக்குகளுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கருங்கல் சந்திப்பில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். பூட்டைத் திறந்து குச்சியை விட்டேன். ஐந்து மைலுக்கு அரைக் கேலன் போயிருக்க வேண்டும். முக்காலுக்கு மேல் போயிருந்தது. குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டேன். அதே இடம்.

சாயாக்கடைப் பெஞ்சில் இருந்த ஒருவர் கேட்டார். “என்னவே டிரைவரே, பூட்டும் சாவியுமா? அப்பன நம்பாத மோளா இது?”

அப்பா வண்டியின் மறுபக்கம் போய் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டை மாட்ட இரண்டு முறை முயற்சி செய்ய வேண்டியிருந்தது.

அடுத்த ஐந்து மைலும் அப்பா பெரும்பாலும் இரண்டாம் கியரிலேயே ஓட்டினார். ஏற்றத்தில் வண்டி பின்னுக்குப் போகிறாற்போல் இருந்தது. இறக்கத்தில் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. தக்கலை வந்தது. தடிக்கடை வாசலில் முதலாளி நின்றிருந்தார். நிறுத்தி இன்னும் இரண்டு கேலன் கேட்கலாம். கேட்டால் அன்றோடு முடிந்தது.

“என்ன பிள்ளே, கணக்கு செரியா?” என்று கையைத் தூக்கினார்.

நான் தலையாட்டினேன். அப்பா வண்டியை நிறுத்தாமல் விட்டார்.

கொஞ்ச தூரம் போனதும், “நிறுத்தியிருக்கலாம்” என்றேன்.

“நீ தலையாட்டின பிறவு நான் எப்படி நிறுத்த?” என்றார். அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பியதால்தான் அதைப் பார்த்தேன். வில்லுக்குறிக்கு முன்னால் வளைந்து ஏறும் ஒரு ஏற்றம். நாங்கள் ஏறிவந்த சாலையில், காய்ந்து வெளுத்த மண்ணில், கறுப்பாக ஒரு ஈரக்கோடு. நான் சொன்னதும், ரேடியேட்டர் ஒழுகுகிறதென்று நினைத்து அப்பா ஓரம்கட்டினார். ரேடியேட்டர் நிறைந்தே இருந்தது. ஈரம் டிரெயிலருக்குப் பின்னால்தான் தொடங்கியது.

டிரெயிலரின் சக்கரத்தில் கால்வைத்து ஏறி ஓலையை விலக்கினேன். உள்ளே தண்ணீர். நனைத்த அளவு இல்லை. ஏற்றத்தில் எல்லாம் பின்பக்கம் சேர்ந்து, விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. உள்ளே இறங்கி நின்றேன். முழங்காலுக்கு வந்தது.

குச்சியால் மூன்று இடத்தில் ஆழம் பார்த்தேன். நீளத்தையும் அகலத்தையும் அடிவைத்து அளந்தேன். ஒரு கேலன் தண்ணீர் பத்து ராத்தல் என்பது பள்ளியில் ஒப்பித்தது. அந்த ஓலை நிழலில் நின்று பெருக்கிப் பார்த்தேன். இருநூறு கேலனுக்கு மேல். ஒரு டன். அப்பா ஒவ்வொரு வள்ளத்தோடும் ஒரு டன் கடலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஒவ்வொரு ஏற்றத்திலும் அது பின்னால் ஓடி இழுத்திருக்கிறது.

“இத இறைச்சிருங்க” என்று வள்ளக்காரரிடம் சொன்னேன்.

அவர் வலைமேல் இருந்து எழுந்திருக்கவே இல்லை. “எதுக்கு? வள்ளம் கடலுக்கு உள்ளது பிள்ளே, ரோட்டுக்கு உள்ளதில்ல. இந்த வெயில்ல தையல் விட்டா நாங்க பதினாறு பேரும் கரையில இருந்து மணல எண்ணணும்.”

“இறைக்கல்லண்ணா எங்க அப்பாவுக்க சோலி போவும்.”

“அதுக்கு எனக்க வள்ளத்தயா கேக்குது?”

அப்பா என் கையைப் பிடித்தார். “அவருக்க வள்ளம். அவரு சொல்லியதுதான். வா, ஏறு.”

நான் ஏறவில்லை. வள்ளத்தின் விளிம்புக்குச் சற்றுக் கீழே கையால் தடவிக்கொண்டே போனேன். பிறகு அவரைக் கூப்பிட்டேன். “இந்தத் தையலத் தொட்டுப் பாருங்க.”

அவர் சலித்துக்கொண்டே வந்து தொட்டார். கயிறு சுக்காகக் காய்ந்து கிடந்தது. தண்ணீர் முழுதும் அடியில். மேல் தையல்களுக்கு அது எட்டவே இல்லை. அவர் அடுத்த தையலைத் தொட்டார். அதற்கடுத்ததை. முகம் மாறிவிட்டது.

“சாக்குகள நனைச்சு எல்லாத் தையல் மேலயும் போட்டா, மேலயும் ஈரம் இருக்கும். நான் உள்ள இருந்து தண்ணி தெளிச்சுக்கிட்டே வாறேன்” என்றேன்.

“சாக்கு காஞ்சுதுண்ணா?”

“காயவிட மாட்டேன்.”

அவர் சட்டியை எடுத்து இறைக்க ஆரம்பித்தார். எனக்குத் தெளிக்க மட்டும் இரண்டு குடம் அளவு அடியில் விட்டுவைத்தார். “படிச்ச பிள்ளைக்கு நல்ல சோலி” என்றபடி சட்டியை என்னிடம் நீட்டினார்.

அப்படித்தான் நாகர்கோவில் மணிமேடையை நான் ஒரு வள்ளத்துக்குள் இருந்தபடி கடந்தேன். “பொண்ணு மாப்பிள வீட்டுக்குப் போவுதா, கடலுக்குப் போவுதா?” என்று கடைகளிலிருந்து கேட்டார்கள். நான் தலைகுனியவில்லை. குனிந்தால் மேல் தையலுக்குத் தெளிக்க முடியாது.

கிழக்குக் கரையில் வள்ளத்தை இறக்கியதும் வள்ளக்காரர் ஒவ்வொரு தையலாக விரல்வைத்துப் பார்த்துக்கொண்டே சுற்றிவந்தார். ஒரு தையலும் விடவில்லை. “அடுத்த வள்ளத்துக்கு குடம் எடுக்கண்டாம், சாக்க எடுங்கண்ணு பொம்பளயளுட்ட சொல்லணும்” என்றார். அவ்வளவுதான்.

தண்ணீர் இறைத்த இடத்திலேயே டாங்கியில் ஒரு குறி எடுத்திருந்தேன். இப்போது மறுபடி குச்சியை விட்டேன். தண்ணீரோடு பதினான்கு மைலுக்கு இரண்டே கால் கேலனுக்கு மேல் போயிருந்தது. தண்ணீர் இல்லாமல் பத்தொன்பது மைலுக்கு இரண்டுகூட ஆகவில்லை. கேலனுக்கு ஆறு மைல் என்பது பத்தாகியிருந்தது. ஆனால் டாங்கியில் மிச்சம் ஒரு கேலன். தக்கலைக்கு இருபத்துமூன்று மைல்.

“சுங்கான்கடை வரைக்கும்தான் போவும்” என்றார் அப்பா, குச்சியைப் பார்க்காமலே.

நாகர்கோவிலில் டீசல் விற்கும் இடத்துக்கு முன்னால் அவர் வேகத்தைக் குறைத்தார். முடிவை அவரிடமே விட்டேன். போகப்போவது அவர் வேலை.

“இங்க கொஞ்சம் ஊத்தினா ஆறுல போய்வந்தோம்ணு சொல்லலாம்” என்றார். “பின்ன அடுத்த வள்ளத்துக்கும், தண்ணியோட இருந்தாலும், ஆறுதான் தருவாரு.” சொல்லிவிட்டு வண்டியை விட்டார்.

சுங்கான்கடையில் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அப்பா வண்டியோடு இருந்தார். நான் பஸ் பிடித்துத் தடிக்கடைக்குப் போனேன்.

“நிண்ணுட்டா?” என்றார் முதலாளி.

“நிண்ணுட்டு. தப்பு எனக்க கணக்குல. அப்பா எட்டு சொன்னாரு. அவரு சொன்னதுதான் சரி.” குச்சியைக் காட்டி, தண்ணீர் கதையைச் சொன்னேன்.

முழுவதும் கேட்டார். “பொம்பளயளு குடத்துல கொண்டு ஊத்தின தண்ணி ஒரு டன்னா? அத ஆரு தூக்கிப் பாத்தா? குச்சி வெட்டினது உனக்க அப்பன். சாவி வச்சிருந்தது நீ. ரெண்டு பேரும் ஒரே வீடு.” வண்டியைக் கொண்டுவர வேறு ஆளை அனுப்பினார். அப்பாவை இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் மணவாளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். அங்கே கடற்கரை மணலைப் பிரிக்கும் ஆலையில் லாரிகளை அப்படியே ஏற்றி நிறுத்தி எடைபோடும் மேடை ஒன்று உண்டு. அங்கிருந்த அதிகாரி முதலில் என்னை மணல் அள்ளும் வேலைக்கு வந்தவள் என்று நினைத்தார். நான் தாள் கேட்டு வாங்கி, வேண்டியதை எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். அங்கிருந்து இனயத்துக்குப் போனேன். சனிக்கிழமை போகவேண்டிய அடுத்த வள்ளத்துக்காரரிடம் பேசினேன். முந்தைய நாள் வள்ளக்காரரும் ஊர் திரும்பியிருந்தார். அவரும் எனக்காகச் சொன்னார்.

மத்தியானம் தடிக்கடையில் முதலாளி ஒரு புது டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஆலையில் எடைமேடைக்கு எழுதித் தந்த சீட்டை மேசைமேல் வைத்தேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணி, வள்ளம் ஏற்றிய டிரெயிலர் ஒன்று, இரண்டு எடை என்று அதில் இருந்தது. முதல் எடை தண்ணீரோடு. இரண்டாவது, இறைத்த பிறகு.