கவரம்மாவின் வெள்ளைக் கவர்கள்

பசை ஈரமாக இருக்கும்போதே கவரின் மடிப்பை நகத்தால் இழுத்து அழுத்த வேண்டும். காய்ந்துவிட்டால் ஓரம் தூக்கிக்கொள்ளும். கவரம்மா அதை நின்றபடியேதான் செய்வாள். சீட்டை மடித்து உள்ளே போட்டு ஒட்டுவாள், வாய்மேல் குறுக்காகக் கையெழுத்துப் போடுவாள், முகப்பில் வரிசை எண் எழுதுவாள். ஐந்து கவர் முடிந்ததும் அலமாரிப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். அடுத்த ஐந்துக்கு மறுபடியும் பூட்டு. "பூட்டுக்குக் கால் இல்லடி" என்று நான் சொன்னால், "எனக்கு இருக்கே" என்று இன்னொரு தடவை போய் இழுத்துவிட்டு வருவாள்.

அந்தக் கவர்கள் ஓர் ஆய்வுக்கானவை. எழுந்து நடக்க முடியாத நோயாளிகளுக்குப் புண் வராமலிருக்க, அவர்களைப் படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டுமா, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை போதுமா என்பதுதான் கேள்வி. புது நுரை மெத்தை வந்தபிறகு நாலு போதும் என்று சிலர் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். வாயால் சொன்னால் போதாது, பார்த்துவிடலாம் என்று டாக்டரம்மா ஆய்வுக்குத் திட்டம் போட்டார். எந்த நோயாளிக்கு எது என்பதை டாக்டரும் தீர்மானிக்கக்கூடாது, நர்ஸும் தீர்மானிக்கக்கூடாது. குலுக்கலில் வந்தபடி சீட்டில் 2 அல்லது 4 எழுதியிருக்கும். புது நோயாளி சேர்ந்ததும் வரிசையில் அடுத்த கவரைப் பிரித்து அதன்படி நடக்க வேண்டும். தோல் சிவந்தால் எழுதி வைத்துவிட்டு, அவரை ஆய்விலிருந்து விலக்கி, தேவைப்படும் பராமரிப்பைக் கொடுக்கலாம்.

நான் ஓய்வு பெற்ற பராமரிப்புப் பணியாளர். வாரத்தில் மூன்று நாள் டார்ச்சுடன் போய் முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் பார்த்து எழுதுவது என் வேலை. யார் எந்தப் பிரிவு என்று எனக்குத் தெரியக்கூடாது. நான் வருகிறேன் என்றால் வார்டில் நேரம் எழுதும் பலகைமேல் துணியைப் போட்டுவிடுவார்கள்.

கவரம்மாவுக்கு வயது நாற்பத்து மூன்று. பன்னிரண்டு வருடம் பழைய கோப்புகள் வைக்கும் அறையில் இருந்தவள். ஒரு கோப்பு இடம் மாறியிருந்தால் அது கிடைக்கும்வரை சோற்றில் கை வைக்க மாட்டாள். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். "லிஃப்ட்டாவது மாடிக்கு மாடி நிக்கும், இவ நிக்க மாட்டா" என்பார். டாக்டரம்மா இவளைத் தேடிப் பிடித்ததும் அதனால்தான். "படிவத்துல ஒரு கட்டம் காலியா இருந்தா உனக்கு இருப்புக்கொள்ளாது. நீதான் எனக்கு வேணும்" என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கவரைப் பிரிக்கும் பொறுப்பு வார்டு சிஸ்டருக்கு. அவர் கவரம்மாவின் ஓரகத்தி. ஒரே வீட்டில் அவர் கீழே, இவள் மேலே. இவள் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

எண்பத்து நாலு நோயாளிகள் முடிந்த நிலையில் இடைக்கால அறிக்கையை மருத்துவமனைக் குழு கேட்டது. மறுநாள் காலை பத்து மணிக்குக் கூட்டம். குழு நாலு என்று முடிவு செய்தால் எல்லா வார்டுகளிலும் நாலுதான்.

முந்தின நாள் மதியம் நான் வார்டின் சாமான் அறையில் உட்கார்ந்து படிவம் எழுதிக்கொண்டிருந்தேன். கவரம்மா அறையை அளந்துகொண்டிருந்தாள். கதவிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கதவு.

"அம்மா, ஒண்ணு கேக்கவா?"

"எந்தப் பிரிவுன்னு சொல்லாம கேளு."

"சொல்லாம கேக்க முடியாதே!"

"அப்போ கேக்காதே."

அவள் கேட்கவில்லை. பிரித்த கவர்கள் இருந்த பெட்டியைக் கவிழ்த்து, தரையில் எண்வரிசையாக அடுக்க ஆரம்பித்தாள். நாற்பதுவரை பழுப்புக் கவர். நாற்பத்தொன்றிலிருந்து வெள்ளை. ஸ்டோரில் பழுப்பு தீர்ந்துபோய், இருந்த வெள்ளையை இவளே கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருந்தாள். ஒவ்வொன்றின் முதுகிலும் பிரித்த தேதி இருந்தது. குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து பார்த்தவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். ஐம்பத்திரண்டு ஒன்பதாம் தேதி பிரிக்கப்பட்டிருந்தது. ஐம்பத்தொன்று பதினொன்றாம் தேதி. அப்படி வரிசை மாறியது ஒன்பது இடத்தில். எல்லாம் வெள்ளை.

எழுந்து போய் அலமாரியிலிருந்து பிரிக்காத கவர் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே சீட்டில் பட்டை மார்க்கரில் எழுதிய எண் வெளியிலிருந்தே பளிச்சென்று தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து சிஸ்டர் உள்ளே வந்தார். "என்னடி, கடை பரப்பிட்டே? வியாபாரம் எப்படி?"

"அக்கா, அம்பத்தொண்ணை விட்டுட்டு அம்பத்திரண்டை ஏன் முதல்ல பிரிச்சீங்க?"

"கைக்கு எது வந்துச்சோ அதைப் பிரிச்சிருப்பேன்."

"ஒன்பது தடவையுமா?"

சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கவரம்மா என் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க காதைப் பொத்திக்கோங்க" என்றாள்.

"பொத்தியாச்சு. நீ சத்தமா பேசு."

சிஸ்டர் மறைக்கவில்லை. "மூணாம் கட்டில் அம்மா எலும்பும் தோலுமா வந்தாங்க. கவருக்குள்ள நாலுன்னு தெரிஞ்சுது. மனசு கேக்கல. அதை எடுத்து வச்சிட்டு அடுத்ததைப் பிரிச்சேன். அப்புறம் வந்த ஆள் திடமா இருந்தாரு, நாலை அவருக்குக் கொடுத்தேன். இதுல யாருக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

"எல்லாருக்கும்தான் அக்கா! மெலிஞ்சவங்க எல்லாரும் ரெண்டு மணிப் பக்கம் சேர்ந்துட்டாங்க. புண் அவங்களுக்குத்தானே சீக்கிரம் வரும்? பழுப்புக் கவர் வரைக்கும் நாலு மணிக்காரங்களுக்குத்தான் புண் ஜாஸ்தி. வெள்ளை வந்த பிறகு தலைகீழ். இப்போ மொத்தமாப் பார்த்தா ரெண்டுல பதிமூணு, நாலுல ஆறு. அடிக்கடி திருப்பினதாலதான் புண் வந்த மாதிரி இருக்கு. நாளைக்கு இதைப் பார்த்துட்டு எல்லா வார்டுலயும் நாலுன்னு போட்டா, உங்க மூணாம் கட்டில் அம்மா மாதிரி இன்னும் எத்தனை பேரு?"

சிஸ்டர் தரையைப் பார்த்தார். "சொல்லப் போறியா?"

"வெள்ளைக் கவர் வாங்கினது என் தப்பு. தேதியைப் பார்க்காம விட்டதும் என் தப்பு. என் பேரை மட்டும் சொல்லிடறேன்."

"வரிசை ஏன் மாறுச்சுன்னு கேப்பாங்களே, காத்துல பறந்துச்சுன்னு சொல்லுவியா? எனக்கு இன்னும் எட்டு மாசம்தான்டி சர்வீஸ். ஒரு கறை இல்லாம வெளிய போகணும்னு இருந்தேன்." எழுந்து, ஸ்டூலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

இரக்கப்பட்டது குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வார்டில் நானும் முதுகுகளைத் துடைத்தவள். ஆனால் இரக்கத்துக்கென்று ஆய்விலேயே ஒரு வாசல் வைத்திருந்தார்கள்: சிவந்தால் விலக்கிவிடலாம். சிஸ்டர் அதுவரை பொறுக்கவில்லை.

அன்று மாலை இருவரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள், ஆளுக்கொரு கோடியில். கவரம்மா நாலு தடவை மாடிப்படி இறங்கிப் போய் அக்காவின் கதவருகே நின்றுவிட்டுத் திரும்பினாளாம். தட்டவில்லை. கணவர்தான் எண்ணிச் சொன்னார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் கவர்ப் பெட்டியோடு டாக்டரம்மா அறைக்குப் போனபோது, வெளி பெஞ்சில் சிஸ்டர் யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்தார். "என்னடி, எட்டுன்னா எட்டுக்குத்தான் வருவியா?" என்றாராம். சேர்ந்தே உள்ளே போனார்கள்.

அறிக்கை குழுவுக்குப் போகவில்லை. நாற்பதோடு நிறுத்தி, நாற்பத்தொன்றிலிருந்து புதிதாகத் தொடங்கச் சொன்னார் டாக்டரம்மா. இருவரும் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். கவர்ப் பெட்டி இனி வார்டில் இருக்காது. கீழே மருந்தகத்தில் இருக்கும், மருந்தாளுநர் பிரித்துப் போனில் சொல்வார். கவரம்மா எக்ஸ்ரே பிரிவிலிருந்து ஃபிலிம் சுற்றி வரும் கறுப்புத் தாளை வாங்கி வந்து, சீட்டு ஒவ்வொன்றையும் அதில் சுற்றி ஒட்டினாள். முதல் கவரை ஜன்னலில் பிடித்து, "பாருங்க" என்று சிஸ்டரிடம் நீட்டினாள்.

"நான் எதுக்குப் பார்க்கணும்?"

"உங்களைவிட நல்லா யாரு பார்ப்பாங்க?"

சிஸ்டர் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியல போ."

பதினோரு மணிக்கு ஒரு பெரியவரைக் கொண்டு வந்தார்கள். தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலேயே தெரிந்தது. என்னை வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டு சிஸ்டர் போனை எடுத்தார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரி" என்றார். பலகையில் எழுதும் சத்தம் கேட்டது. பிறகு துணியை இழுத்து மூடும் சத்தம்.

நான் சிஸ்டரின் முகத்தைப் பார்க்காமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சாமான் அறையில் கவரம்மா அலமாரிப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் இப்போது ஒன்றுமே இல்லை.