செத்தல் மிளகாயின் நெடி

தம்பி சுற்றுலா வருபவர்களுக்கு வேன் ஓட்டுகிறான். அந்த ஞாயிறு காலை அலுவிகாரையிலுள்ள எங்கள் வீட்டுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சாராய வாடை இல்லை. அதுதான் எனக்கு இடித்தது.

அப்பாவின் பிரஷர் மெஷினை அவன் கையில் கட்டினேன். அப்பாவுக்குக்கூட அவ்வளவு ஏறியதில்லை. ராத்திரி தூக்கமில்லை, அதனால்தான் என்றான். முப்பது வயதுக்காரனுக்குத் தூக்கமில்லாவிட்டால் நெஞ்சு இப்படியா அடிக்கும்?

அம்மாவுக்கு விசாரணையே தேவைப்படவில்லை. புது வேன் வாங்கியவன், ஊர்க்கண் பட்டுவிட்டது. உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து அவன் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். கண்ணூறு இருந்தால் மிளகாய் கருகினாலும் நெடி வராது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அன்றைக்கு வந்த நெடியில் அப்பா வாசலுக்கு ஓடினார், எனக்குக் கண்ணீர் கொட்டியது. அடுப்பருகில் இருந்த தம்பி மட்டும் அசையவில்லை.

"பாத்தீங்களாம்மா, நெடியே வரல்ல. கண்ணூறுதான்" என்றான்.

அம்மா இருமிக்கொண்டே தலையாட்டினார்.

நான் அவன் மூக்கைப் பார்த்தேன். மரத்துப்போன மூக்கு. விருந்துகளில் சிலர் மூக்கால் இழுக்கும் வெள்ளைத்தூளைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்குள் அம்மா அப்பாவின் பிரஷர் மாத்திரையோடு வந்தார். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத உடம்பில் இன்னொன்றையும் போடுவதா? பிடுங்கிக்கொண்டேன். அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன், அம்மாவும் கூடவே வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது எதுவும் எடுக்கவில்லை என்றான். ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று அம்மா என் கையைக் கிள்ளினார். கொக்கேன் இழுத்திருப்பான் என்று நான் சிங்களத்தில் சொல்லிவிட்டேன். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்தத் தூள் இதயத்தை விரட்டி ஓடவைக்குமாம். அதே நேரம் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களை இறுக்கிவிடுமாம். பிரஷர் எகிறும், வாலிபனுக்கும் மாரடைப்பு வரும் என்றார் டாக்டர். சில பிரஷர் மாத்திரைகள் அந்த இறுக்கத்தை இன்னும் கூட்டிவிடலாம் என்றபோதுதான் அம்மா என் கையை விட்டார்.

பிழைத்துக்கொண்டான். எல்லாவற்றையும் விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்கிறான். எனக்கும் நம்பத்தான் ஆசை.

போன வெள்ளிக்கிழமை அம்மா மறுபடியும் அவனுக்குச் சுற்றிப் போட்டார். அடுப்பில் மிளகாய் விழுந்ததும் தம்பி என்னைப் பார்த்தான். பிறகு இருமினான்.

மிளகாய் இன்னும் கருகவே இல்லை.