அது பருந்தாக்கும்

நேற்று மத்தியானம் எங்கள் முற்றத்துத் தாய்க்கோழி அடித்தொண்டையால் நீளமாகக் கேறியது. கையிலிருந்த குறுணல் சுளகை அப்படியே போட்டுவிட்டேன்.

முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்தபோது அம்மா சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்த கறுப்பி என்ற கோழியும் இப்படித்தான் கேறும். மாங்குளத்தில் நாங்கள் இருந்த கொட்டிலில், குண்டு போட வரும் பொம்பர் விமானத்தின் சத்தம் எங்களுக்கு முன்பே அதற்குக் கேட்டுவிடும். கேறியதும் புதிதாகப் பொரித்த குஞ்சுகள் முழுதாக அதன் செட்டைக்குள் மறைந்துவிடும். முந்திப் பொரித்து வளர்ந்துவிட்டவையும் ஓடிவந்து, தலையை மட்டும் உள்ளே செருகி, முதுகை வெளியே விட்டபடி நடுங்கும். மற்ற நேரங்களில் அவற்றைக் கிட்டவும் விடாமல் கொத்தித் துரத்துகிற கறுப்பி, அப்போது மட்டும் ஒன்றும் செய்யாது. நாங்களும் பக்கத்தில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் ஓடுவோம். ஆனால் பருந்தைக் கண்டாலும் கறுப்பிக்கு அதே குரல்தான்.

ஒருநாள் அப்பா கூரையில் ஏறிக் கிடுகு கட்டிக்கொண்டிருந்தார். கறுப்பி கேறியது.

"இஞ்சேருங்கோ, கெதியா இறங்கி வாங்கோ!" என்று அம்மா கத்தினார்.

"அது பருந்தாக்கும். நீ பிள்ளையளோட போ, வாறன்" என்றார் அப்பா.

பொம்பர் போனபின் வெளியே வந்தோம். கூரையும் இல்லை, அப்பாவும் இல்லை.

நேற்று எனக்கு உணர்வு வந்தபோது கிணற்றுக்கட்டோடு குந்தியிருந்தேன். என்னைவிட வளர்ந்துவிட்ட மகளின் தலையை மடிக்குள் அமுக்கிப் பிடித்திருந்தேன். அவளுடைய முதுகு முழுவதும் வெளியே கிடந்தது.

"அம்மா, விடுங்கோ. அது பருந்துதான்" என்றாள்.

நான் விடவில்லை.