போகியில் போன ஷீட்

போகியன்று ஊரே பாயையும் கிழிந்த தலையணையையும் எரித்தது. திருமுடிவாக்கத்தில், ஜெயவேலுவின் பட்டறையில், எக்செல் ஷீட்டைத் தூக்கிப் போட்டார்கள்.

செய்தது முதலாளியின் மகன் தீனா. பழசு எதுவும் ஆபீஸில் இருக்கக் கூடாது என்று அப்பா சொன்னார். உடைந்த நாற்காலி போனது, பழைய காலண்டர்கள் போயின. கம்ப்யூட்டரையும் சுத்தம் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தவன் கண்ணில் 'ஓல்டு' என்ற ஷீட் பட்டது. பண்டிகைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? அழித்தான், சேவ் செய்தான், பொங்கல் லீவுக்குப் போனான்.

அந்தப் பெயரை வைத்தவர் அமலராணி. சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து, பட்டறையில் தயாராகும் கார் பிராக்கெட்டுகளின் அளவைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். சிக்னலில் பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்தால் வண்டியை ஆஃப் செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிற ரகம். சர்ச்சின் அன்பியக் கூட்டத்தில், தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கும்போது, யாருடைய ஜெபமாவது நீண்டுகொண்டே போனால், உரக்க 'ஆமென்' சொல்லி முடித்துவைப்பதும் அவர்தான்.

'ஓல்டு' ஷீட்டில் உண்மையில் பழசு ஒன்றுமில்லை. எந்த பிராக்கெட்டில் துளை எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு கூடலாம், குறையலாம் என்பதெல்லாம் அங்கேதான் இருந்தது. ரிப்போர்ட் ஷீட் அதை எட்டிப் பார்த்துத்தான் 'ஓகே', 'ரிஜெக்ட்' என்று தீர்ப்புச் சொல்லும். எட்டிப் பார்த்த வீடே காணாமல் போனதில், லீவு முடிந்து திறந்த காலையில் ரிப்போர்ட் கட்டத்துக்குக் கட்டம் #REF!, அதாவது பார்க்க வேண்டிய இடத்தைக் காணோம், என்று கத்திக்கொண்டிருந்தது. மத்தியானம் பிராக்கெட் வாங்கும் மறைமலை நகர்க் கம்பெனியிலிருந்து சரக்கைப் பார்க்க ஆள் வருகிறார்.

"இன்னாம்மா இது, ரெஃப் ரெஃப்னு கீது?" என்றார் ஜெயவேலு.

"உங்க பையனைக் கேளுங்க சார்."

"ஓல்டுன்னு போட்டிருந்தா யாரு வெச்சிக்குவாங்கக்கா?" என்றான் தீனா.

"உங்க அப்பாவுக்கும்தான் வயசாச்சு. போகிக்கு வெளியவா வெச்சே?"

ஜெயவேலு சிரிப்பதா முறைப்பதா என்று புரியாமல் தொண்டையைச் செருமினார். "சர்தான் வுடு. ஃபார்முலா இன்னாத்துக்கு? எல்லாத்துலயும் ஓகேன்னு அடிச்சி, பிரிண்ட் எடுத்து கையெழுத்து போட்டுடு."

"மாட்டேன் சார்."

"இன்னா மாட்டேன்?"

"ஓகேவா இல்லையான்னு எனக்கே தெரியாது. கையெழுத்து என்னோடது. வேணும்னா நீங்களே அடிச்சு, நீங்களே போடுங்க."

"அப்ப நாளைலேர்ந்து வராத."

"நாளைக்குத்தானே? இன்னிக்கு வேலை இருக்கு. நகருங்க."

நாட்டில் எத்தனை ரிப்போர்ட்டுகளில் ஃபார்முலா 'ஓகே' சொல்கிறது, எத்தனையில் முதலாளி சொல்கிறார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் கார் ஓட்டுவதில்லை போலும்.

நவம்பரில் கம்பெனிக்கு அனுப்பிய மெயிலில் முழு ஃபைலும் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு எடுத்த அளவுகள் அதில் இல்லை. எனவே அமலராணி அதிலிருந்து 'ஓல்டு' ஷீட்டை மட்டும் காப்பி எடுத்து இந்த ஃபைலுக்குள் கொண்டுவந்தார். அதே பெயர், அதே கட்டங்கள். ரிப்போர்ட் அசையவில்லை.

"ஷீட்டுதான் வந்துடுச்சே. அதுக்கு இன்னும் இன்னாக்கா கோவம்?"

"வீட்டை இடிச்சதும் அட்ரஸையும் அழிச்சிடுச்சு. திரும்பக் கட்டினா தானா வந்து கதவைத் தட்டுமா?"

ஒரு ஃபார்முலாவைத் திறந்தார். ஷீட் பெயர் இருந்த இடத்தில் மட்டும் #REF! நின்றது. அதன் பின்னால் கட்டத்தின் எண் பத்திரமாக இருந்தது. அப்படியானால் பெயரை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும். ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, #REF! இருக்குமிடமெல்லாம் ஷீட்டின் பெயரைப் போடும்படி ரிப்ளேஸ் கொடுத்தார். பெயருக்குப் பின் ஆச்சரியக்குறியை விட்டுவிட்டதால் எக்செல் திட்டியது. அவரும் பதிலுக்குத் திட்டிவிட்டு, குறியோடு மறுபடி கொடுத்தார்.

ஓகே. ஓகே. ஓகே.

"இத்தத்தானே நானும் அடிக்கச் சொன்னேன்!" என்று ஜெயவேலு மலர்ந்தார். அமலராணி பட்டியலைக் கீழே நகர்த்திக் காட்டினார். ஒரு லாட் முழுக்க 'ரிஜெக்ட்'. துளை பெரிது.

"அந்த ஒண்ண மட்டும்..." என்று முதலாளி தொடங்குவதற்குள் பிரிண்டர் துப்பிவிட்டது. அமலராணி கையெழுத்தைப் போட்டுவிட்டு, அந்த லாட் பெட்டிகளில் தானே போய்ச் சிவப்பு அட்டை கட்டினார். மத்தியானம் வந்தவர் அட்டையைப் பார்த்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார், மற்றதை ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அமலராணியின் ஸ்கூட்டர் வழக்கமான இடத்தில் வந்து நின்றது.

"வராதன்னேனே?"

"எழுதிக் குடுங்க சார். காரணத்தையும் சேர்த்து எழுதுங்க, பொய்க் கையெழுத்துப் போடலைன்னு."

சட்டைப் பையில் பேனாவை வைத்துக்கொண்டே ஜெயவேலு மேசை முழுக்கப் பேனா தேடினார். தேடி முடித்ததும், "டேய் தீனா, அக்காவுக்கு டீ சொல்லு" என்றார்.

"சக்கரை கம்மியா" என்றார் அமலராணி, கம்ப்யூட்டரை ஆன் செய்தபடியே.