எத்தனை இழை?

எங்கள் தெருவில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொண்ட பிள்ளைக்குத் தனி மரியாதை இருந்தது. தையல் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நெசவு வீட்டுப் பிள்ளைகள் இல்லையா, ‘இழை’ என்போம். முட்டியில் மூன்று இழை வாங்கியவன்தான் கில்லியில் எப்போதும் முதல் ஆள். நெற்றியில் ஐந்து இழை வாங்கிய ஒருத்தி இருந்தாள், அவள் வைத்ததுதான் சட்டம். எனக்கு எட்டு வயதாகியும் உடம்பில் ஒரு இழை கிடையாது. எங்கிருந்து விழுந்தாலும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிற பாழாய்ப்போன உடம்பு!

அறுபதுகளின் கடைசி அது. எங்கள் வீட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போடுவார்கள். அன்று காலை அரக்குச் சிவப்பு. நனைந்த நூல் கற்றைகள் புழக்கடை மூங்கிலில் சொட்டிக்கொண்டு தொங்கின. ஓடிப்பிடித்து ஆடியபடி பின்னால் பார்த்துக்கொண்டே நுழைந்தவள், மூங்கில் முனையில் மண்டையை இடித்து, நாலு கற்றையோடு கீழே விழுந்தேன்.

“பட்டெல்லாம் பாழாப்போச்சேடி!” என்று அம்மா ஓடிவந்தாள். தலையிலிருந்து வழிந்ததைப் பார்த்துவிட்டு, “சாயந்தான், போய்க் கழுவு” என்றாள்.

தலையைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது. சாயம் எப்போதோ ஆறிப்போயிருந்தது.

“சாயமில்லம்மா, ரத்தம்! நெஜ ரத்தம்!” என்று கத்தினேன். அந்தக் கத்தலில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

அம்மா ஒரு குடம் தண்ணீரைத் தலையில் கவிழ்த்தாள். சிவப்பாக ஓடியது. இன்னொரு குடம் ஊற்றினாள், அதுவும் சிவப்பாகவே ஓடியது. சிவப்பில் இத்தனை வகை உண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவளுக்கு, சாயம் எங்கே முடிகிறது, ரத்தம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “ஐயோ, கொழந்த மண்ட ஒடஞ்சிப்போச்சே!” என்று கூவிவிட்டாள்.

ஜட்கா வண்டி வந்தது. ஜட்காவில், அதுவும் எனக்காக! கூட்டாளிகள் எல்லாரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

“எத்தன இழைடி போடுவாங்க?”

“பத்து!” என்று தலையை நீட்டிக் கத்தினேன்.

அம்மா தொடையில் கிள்ளி உள்ளே இழுத்தாள். “வாய மூடுடி. ஊட்டுக்கு வா, தோல உரிக்கிறேன். கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? ஒங்கப்பாவுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?” வழிநெடுக இதே பாட்டு. துண்டை என் தலையில் அழுத்திப் பிடித்திருந்த கையை மட்டும் அவள் எடுக்கவேயில்லை.

பெரியாஸ்பத்திரியில் எங்களைப் பார்த்ததும் வரிசையில் நின்றவர்கள் தாமாகவே விலகினார்கள். சாமி புறப்பாட்டுக்கு வழி விடுகிற மாதிரி விட்டார்கள்! நர்ஸம்மா என்னைத் தூக்கி மேஜைமேல் உட்காரவைத்துப் பஞ்சால் துடைத்தார். துடைக்கத் துடைக்கச் சிவப்புப் பஞ்சு குவிந்தது.

“இவ்ளோ ரத்தமா?” என்று பதறினார்.

“பாதி சாயம்மா,” என்றாள் அம்மா.

“எந்தப் பாதி?”

அம்மா தன் சிவந்த கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சிவப்பு குறையக் குறையக் காயமும் சின்னதாகிக்கொண்டே போயிற்று. கடைசியில் முடியோரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெட்டு, அவ்வளவுதான். டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். “மருந்து வச்சு ஒட்டி அனுப்புங்க. தையலெல்லாம் வேணாம்.”

தலையில் இடி விழுந்தது. “சார், ஒரே ஒரு இழையாவது போடுங்க சார்!”

“இழையா? என்னம்மா சொல்றா உங்க பொண்ணு?” என்று அவர் அம்மா பக்கம் திரும்பினார்.

அம்மா நின்ற இடத்தில் இல்லை. தொப்பென்று ஒரு சத்தம். மயங்கிச் சரிந்தவளின் புருவம் பெஞ்சு விளிம்பில் இடித்துப் பிளந்திருந்தது. அதில் வழிந்தது அத்தனையும் ரத்தம்.

என்னை இறக்கிவிட்டு அதே மேஜையில் அவளைக் கிடத்தினார்கள். வளைந்த ஊசி புருவத்துக்குள் இறங்கியது. கறுப்பு நூலை டாக்டர் இழுத்தபோது தோலும் கூடவே எழும்பியது. இதுவா இழை! “வேணாம் சார், எங்கம்மாவுக்குப் போடாதீங்க! எனக்கும் வேணாம், ஒண்ணுமே வேணாம்!” என்று அலறினேன்.

அம்மா ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

“கொழந்தைக்கு ஒண்ணும் இல்லியே?”

“ஒண்ணும் இல்லம்மா, ஆடாம இருங்க,” என்றார் டாக்டர். ஊசி மறுபடி இறங்கியது.

“ஒண்ணும் இல்லியே சார்?”

வழியெல்லாம் அவள் திட்டியது அத்தனையும் பயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாயம் ஏறிய அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். “ஒண்ணும் இல்லம்மா, எனக்கு ஒண்ணுமே இல்லம்மா” என்று அழுதேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தையல் முடிகிறவரை நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.