கோப்பில் இருந்த முதுகு

என் தம்பியின் இடது கால் செருப்பு அடிக்கடி பின்னால் கிடக்கும். அவன் போய்க்கொண்டே இருப்பான், செருப்பு கழன்று தெருவில் நிற்கும். கால் கட்டைவிரலைத் தூக்க முடியாததால் செருப்பைப் பிடித்துக்கொள்ளப் பிடி இல்லை. வல்லம் வடகாலில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லைனில் நின்று, இரும்புத் தட்டுகளைத் தரையிலிருந்து எடுத்து இடுப்பைத் திருப்பி மேடையில் வைக்கிற வேலை அவனுக்கு. முதலில் இடுப்பு வலித்தது. பிறகு வலி தொடைக்கு இறங்கியது. கடைசியில் விரல் செயலிழந்தது. விரலுக்குப் போகும் நரம்பை டிஸ்க் அழுத்துகிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் விரல் திரும்பாது என்றார்கள்.

கம்பெனி இன்சூரன்ஸ் செல்லும் ஆஸ்பத்திரி ஒரகடம் ரோட்டில் இருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை சர்ஜன் எங்களை அழைத்து விளக்கினார். நான், தம்பி, எங்கள் வீட்டு மாடி ரூமில் குடியிருக்கும் அவனுடைய நண்பன். நண்பன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட்.

வெளிச்சப் பெட்டியில் இரண்டு படங்கள் மாட்டியிருந்தன. ஒன்று புதிய ஸ்கேன். மற்றொன்று தம்பி வேலையில் சேர்ந்தபோது கம்பெனி எடுத்த இடுப்பு எக்ஸ்ரே, கோப்பிலிருந்து வந்தது.

"ஸ்கேன் பாத்தவர் மேலேருந்து எண்ணிக்கிட்டு வந்திருக்கார். நாலாவது எலும்புக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல டிஸ்க் பிதுங்கியிருக்குன்னு எழுதியிருக்கார்" என்றார் சர்ஜன். "கீழ ஆறாவதா ஒண்ணு இருக்கிற மாதிரி சந்தேகம், எக்ஸ்ரேவோட ஒத்துப் பாருங்கன்னும் எழுதியிருக்கார். பாத்துட்டேன். இவருக்கு அஞ்சுதான். குழப்பமே இல்ல."

"ஆறு இருந்தா என்ன ஆகும் டாக்டர்?" என்று கேட்டேன். செய்தித்தாளில் பல வருஷம் படவிளக்கம் சரிபார்த்தவள் நான். படத்தில் நிற்பவர்களை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறோம் என்று கேட்காமல் ஒரு பெயரையும் அச்சுக்கு விட்டதில்லை.

அவர் பொறுமையாகத்தான் சொன்னார். எல்லோருக்கும் முதுகெலும்பு ஒரே மாதிரி இருப்பதில்லை. இடுப்பில் பெரும்பாலோருக்கு ஐந்து எலும்பு. சிலருக்கு நான்கு, சிலருக்கு ஆறு. அது நோயல்ல, தெரியாமலே வாழ்ந்து முடிப்பவர்கள் உண்டு. தொல்லை ஆபரேஷனில்தான். தியேட்டரில் குப்புறப் படுக்க வைத்தபின் அவர் கீழிருந்து எண்ணுவார். ஐந்து எலும்பு உள்ளவருக்கு நான்குக்கும் ஐந்துக்கும் நடுவிலுள்ள இடுக்கு, கீழிருந்து இரண்டாவது. ஆறு உள்ளவருக்கு அதே இடுக்கு மூன்றாவது. தெரியாமல் இரண்டாவதைத் திறந்தால், நல்ல டிஸ்க்கை வெட்டிவிட்டு, கெட்டதை அப்படியே விட்டுத் தைத்துவிடுவோம்.

"அதான் பழைய எக்ஸ்ரே வெச்சுப் பாத்தாச்சே" என்று முடித்தார்.

நான் பழைய எக்ஸ்ரேவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடுப்புக்கு வலப்புறம், எலும்புகளைவிட வெள்ளையாக, சிறு உருளை ஒன்று தெரிந்தது. அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து. கம்பெனி மெடிக்கலில் வரிசையில் நிற்க வைத்து எடுக்கும்போது கழற்றச் சொல்ல யாருக்கு நேரம்? என் தம்பி நினைவு தெரிந்த நாள் முதல் அரைஞாண் கட்டியதில்லை. அரிப்பு என்பான்.

தம்பி தரையைப் பார்த்தான். நண்பன் தம்பியைப் பார்த்தான்.

வெளியே வந்து லிப்ட் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"அது யார் முதுகு?"

"இன்னாக்கா இப்ப உனுக்கு? கம்முனு இரேன்" என்றான் தம்பி.

"எம் முதுகுதான்க்கா" என்றான் நண்பன்.

கதை இவ்வளவுதான். கம்பெனியில் சேரும் முன் மெடிக்கல் உண்டு. இடுப்பு எக்ஸ்ரேவும் எடுப்பார்கள். தம்பி முதலில் போன கம்பெனியில் அவன் படத்தைப் பார்த்து, எலும்பு கூடுதல், அன்ஃபிட் என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அவன் சொல்லவில்லை. அடுத்த கம்பெனிக்கு ஆள் எடுத்த ஏஜென்ட்டே வழி சொல்லியிருக்கிறான்: படம் சுத்தமாக இருக்கிறவன் ஒருவனை உன் பேரில் அனுப்பு. முகத்தையா எக்ஸ்ரே எடுக்கிறார்கள்? அப்படிப் போனவன்தான் இந்த நண்பன்.

"எனுக்கு மட்டுமா? இந்தாளு முதுகு வல்லம் வடகால்ல பாதி கம்பெனில டூட்டி பாத்துக்கினு கீது" என்றான் தம்பி. அவனுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

எனக்கு வரவில்லை. "உள்ள போய்ச் சொல்லு" என்றேன்.

"சொன்னா வேல பூடும்."

"சொல்லலன்னா காலு போகும்டா. நல்ல டிஸ்க்க வெட்டிடுவாங்க."

"கால் போனாலும் உக்காந்து பாக்கற வேல குடுப்பாங்க. பொய் சொன்னான்னு தெரிஞ்சா இந்த ரோட்ல ஒரு கம்பெனியும் கேட்டுக்குள்ள வுடாது. உனுக்கு இன்னா தெரியும்?"

அவன் முட்டாள் இல்லை. அதுதான் என்னை எரித்தது. ஆறு எலும்போடு அத்தனை காலம் இரும்பைத் தூக்கிய ஒருவன், தன் முதுகில் தப்பான இடத்தில் கத்தி படுவதும் வேலையும் ஒன்றுக்கொன்று ஈடாகுமா என்று பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்கை அவன் தலைக்குள் வைத்தது யார்?

நண்பன் எழுந்தான். "ஏல, நீ சொல்லாண்டாம். நான் சொல்லுதேன்."

"டேய், உன் வேலயும் பூடும்டா."

"போட்டும்ல. ஒனக்கு என்னமும் ஆச்சுன்னா அக்கா மொகத்துல எப்படில முழிப்பேன்?"

கதவைத் திறந்து உள்ளே போனவன், சர்ஜன் நிமிர்வதற்குள் சட்டையைத் தூக்கிக் கயிற்றில் தொங்கிய தாயத்தை வெளியே எடுத்துக் காட்டினான். "டாக்டர், அந்தப் படத்துல இருக்கது இதுதான். அது எம் முதுகு. அவனுக்கு ஆறு."

சர்ஜன் படத்தைப் பார்த்தார், தாயத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. பிறகு கத்தினார். "நாளைக்குக் காலைல நான் எந்த இடத்தத் தொறந்திருப்பேன் தெரியுமா? உயிரோட வெளையாடறீங்களா?"

"ஒரு புது எக்ஸ்ரே எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும் டாக்டர்" என்றேன். "ஸ்கேன் பாத்தவர் சந்தேகம்னு எழுதியிருக்கார். எதிர்ல ஆள் உக்காந்திருக்கான். கோப்புல இருக்கிற முதுக ஏன் பாத்தீங்க?"

அவர் புது எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கீழே இன்சூரன்ஸ் கவுன்டரில் இருந்த பெண்தான் என் கேள்விக்குப் பதில் சொன்னாள்: "பழைய ஃபிலிம் இருக்கும்போது ரிப்பீட் எக்ஸ்ரே அப்ரூவ் ஆகாது மேடம். காரணம் எழுதணும்."

காரணத்தை சர்ஜன் எழுதினார். பழைய படம் இந்த நோயாளியுடையது அல்ல, ஒரே வரி. நண்பனைப் பற்றி எழுதவில்லை. அந்த வரி இன்சூரன்ஸுக்குப் போய், அங்கிருந்து கம்பெனிக்குப் போகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தம்பி கையெழுத்துப் போட்டான். என்னைப் பார்க்கவில்லை.

புதுப் படத்தில் ஆறு எலும்புகள் தெளிவாக இருந்தன. மறுநாள் கீழிருந்து மூன்றாவது இடுக்கைத் திறந்தார்கள். பிதுங்கிய துண்டு அங்கேதான் இருந்தது. சில வாரங்களில் கட்டைவிரல் லேசாக அசைந்தது.

அவன் தடியூன்றி நடக்கத் தொடங்கியபோது கம்பெனி கூப்பிட்டது. நானும் போனேன். குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்த ஹெச்.ஆர். அதிகாரி மரியாதையாகப் பேசினார். ஆள்மாறாட்டம், அதனால் நீக்கம். முதுகு போனதற்கும் கம்பெனி பொறுப்பில்லை, அது பிறவிக் குறை.

"கூடுதல் எலும்பாலதான் டிஸ்க் போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு சர்ஜன் சொல்றார்" என்றேன்.

"ரூல் மேடம்."

"ஆறு எலும்பு இருந்தா லைன்ல நிக்கக் கூடாதுன்னு ரூல் போட்டது எந்த டாக்டர்? இத்தன வருஷம் நின்னானே, நல்லா தூக்கறான்னு ஓ.டி. மேல ஓ.டி. போட்டீங்களே?"

"அது புரொடக்‌ஷன் சைடு மேடம்" என்றார் அவர்.

அவருக்கு அதில் வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவன் பொய் சொன்ன தம்பி என்றுதான் அந்த அறையில் எல்லாமே ஏற்பாடாகியிருந்தது. பொய் சொல்லாமல் உள்ளே வர முடியாதபடி வாசலைக் கட்டியவர்கள், பொய் சொன்னதற்காக வெளியே தள்ளினார்கள். வாசலில் அன்றைக்கும் மெடிக்கல் வேன் நின்றது. சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வரிசை நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பனை மாடிப் படியில் உட்கார வைத்தேன். யார் யாருக்குப் பதிலாகப் போனான் என்று யோசித்துச் சொல்லச் சொன்னேன். ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டான். ஒருவன் நம்பரை மாற்றியிருந்தான். ஒருவன் போதையில் சிரித்தான். சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த ஒருவன் மட்டும் முழுதாகக் கேட்டான். அவனுக்கும் இடுப்பு வலியாம், அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறானாம்.

நண்பன் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தான். "அந்தப் படம் எனக்கு உள்ளதில்லன்னு சொன்னா வேல போயிருமான்னு கேக்கான்க்கா. என்ன சொல்ல?"

"போகும்னு சொல்லு" என்றேன். "போகும், ஆனாலும் புதுசா எடுக்கச் சொல்லுன்னு சொல்லு."