பன்னில் குத்திய ஊசி

கத்திரியக்காவின் கண்ணில் பட்ட தொங்கு நூல் எதுவும் உயிரோடு வீடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் வாசலிலேயே தங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டுதான் கடைக்குள் காலை வைப்பார்கள். ஒரு கல்யாண மேடையில் மாப்பிள்ளையின் கோட்டிலிருந்து ஓர் இழை நீட்டிக்கொண்டிருந்தது. வாழ்த்தப் போனவள் அதைச் சுண்டி இழுக்க, கோட்டின் கை மொத்தமும் கழன்று அவளோடு வந்துவிட்டது. நல்லவேளை, மாப்பிள்ளை கழன்று வரவில்லை. அந்தக் கோட்டைத் தைத்தது வேறு கடை என்பதை மட்டும் அவள் இன்றுவரை அடித்துச் சொல்வாள்.

கடை என்றால் ஒற்றை அறை. இரண்டு தையல் மிஷின், ஒரு வெட்டு மேசை, மூலையில் அவள் வீட்டுக்காரரின் இஸ்திரிப் பலகை. மேசைக்கடியில் மேனேஜர். மேனேஜர் என்பது நாய். வேலை எதுவும் செய்யாமல், வருகிறவர்களை எல்லாம் மோப்பம் பிடித்து மிரட்டிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிடவும் செய்கிற பிராணிக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பிள்ளையில்லாத வீட்டில் அவன்தான் பிள்ளை.

அன்று காலை கத்திரியக்கா ஒரு கவுனுக்குச் சிவப்பு நூலில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு வாடிக்கைக்காரி வந்து நின்றாள். "நான் ஒண்ணும் குண்டாகல, நீங்கதான் சின்னதா தைச்சிட்டீங்க!"

"துணி சுருங்கியிருக்கும்மா, நீ அப்படியேதான் இருக்கே," என்றபடி எழுந்தவள், கையிலிருந்த ஊசியைப் பார்க்காமலே இடப்பக்கம் குத்தினாள். ஊசி குத்தி வைக்கும் பஞ்சு உருண்டை காலங்காலமாக அங்கேதான் இருக்கும். அன்றைக்கு அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அந்த இடத்தில் டீயும் வெண்ணெய் தடவிய பன்னும் வைத்திருந்தார் வீட்டுக்காரர். பன்னும் உருண்டை, பஞ்சும் உருண்டை. ஊசிக்கு என்ன தெரியும்?

வாடிக்கைக்காரியை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தபோது தட்டு பளபளவென்றிருந்தது. மேனேஜர் கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கிக்கொண்டிருந்தான். எச்சில் ஒழுகியது. கடைவாயோரம் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு நூல் தொங்கியது.

பஞ்சு உருண்டையைப் பார்த்தாள். சிவப்பு நூல் கோத்த ஊசி அதில் இல்லை.

அவள் மனம் யோசிக்குமுன்பே விரல்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் நூலைப் பற்றின. லேசாக ஒரு சுண்டல்தான். நூல் வரவில்லை, விறைத்தது. எங்கோ உள்ளே சதையைக் கவ்வி நிற்கும் விறைப்பு. தீயைத் தொட்டவள்போல் விரலை விட்டாள்.

"இழுத்துடு! கொஞ்சம்தானே தொங்குது?" என்றார் வீட்டுக்காரர், கையில் இஸ்திரிப் பெட்டியோடு.

"யாரும் தொடக்கூடாது!"

சத்தம் கேட்டு அடுத்த வீட்டிலிருந்து நாத்தனார் தம்ளரும் கையுமாக ஓடி வந்தாள். உலகத்தில் அவளிடம் வைத்தியம் இல்லாத நோயே கிடையாது; குணமான நோய்தான் கிடையாது. "அண்ணி, உப்புத்தண்ணி கரைச்சுக் கொண்டாந்திருக்கேன், ஊத்துங்க, ஒரே குமட்டல்ல வந்துடும். இல்லேன்னா பெரிய சோத்து உருண்டையா கொடுங்க, ஊசியச் சுருட்டிட்டு கீழே இறங்கிடும்."

"போன வழியிலேயே ஊசி திரும்பி வந்தா வர்ற வழியெல்லாம் தைச்சுட்டு வரும்டி. தம்ளரைக் கீழே வை."

கத்திரியக்கா நாய் டாக்டருக்குப் போன் போட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"மூச்சு சீரா விடுறானா?" என்றார் டாக்டரம்மா.

"விடுறான். எச்சில்தான் ஊத்துது."

"நூலை இழுக்காதீங்க, வெட்டவும் வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீங்க. தண்ணிகூடக் கொடுக்காதீங்க. அதே மாதிரி ஊசி ஒண்ணு எடுத்துக்கிட்டு உடனே வாங்க. நான் தயாரா இருக்கேன்."

வீட்டுக்காரர் வண்டி பிடிக்க ஓடினார். கத்திரியக்கா தைக்க வந்த திரைச்சீலை ஒன்றை உருவி, மேனேஜரின் முன்னங்கால்கள் நூலைப் பிறாண்டாதபடி உடம்போடு சுற்றினாள். வாயைக் கட்டவில்லை, தலை வெளியே, மூச்சுக்குத் தடையில்லாமல். நாத்தனார் தம்ளரோடு குறுக்கே நின்றாள்.

"ஒரு வாய் மட்டும், அண்ணி. பாவம், வாயில்லா ஜீவன்."

"வாயிருக்கிறதாலதான் இவ்வளவும். பாவம்னா வழியை விட்டு வந்து கதவைத் திற."

நாத்தனார் தண்ணீரைத் தானே மடமடவென்று குடித்துவிட்டு, அதில் உப்பு இருந்தது நினைவுக்கு வந்து முகத்தைச் சுளித்தபடி கதவைத் திறந்தாள்.

வண்டி குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த நூல் அவள் கண்முன் ஆடியது. பழகிய கை சும்மா இருக்குமா? வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். இடது கையால் அவன் நெற்றியை நீவியபடி, "பதறாத காரியம் சிதறாதுடா, ராசா," என்றாள். அவனுக்குச் சொன்னாளா, கைக்குச் சொன்னாளா என்பது அவளுக்கே தெரியாது.

எக்ஸ்ரேயில் ஊசி தொண்டைக்குக் கீழே குறுக்காக நின்றது. கத்திரியக்கா கொண்டுவந்த மாதிரி ஊசியை டாக்டரம்மா அதோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையசைத்தார். மேனேஜரை மயக்கி உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. வெளியே பெஞ்சில் கத்திரியக்கா அந்தக் கையின்மேல் உட்கார்ந்தபடியே இருந்தாள். வீட்டுக்காரர், "உருண்டையை நான் நகர்த்தியிருக்கக் கூடாது," என்றார். "பன்னுன்னு தெரியாம குத்தினது நான்தான். இப்போ ரெண்டு பேரும் பேசாம இருப்போம்," என்றாள்.

டாக்டரம்மா வெளியே வந்தபோது கையில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் ஊசி, வாலாகச் சிவப்பு நூல்.

"குழாய் விட்டு எடுத்தாச்சு. கிழிசல் இல்லை, சின்ன காயம்தான். நீங்க இழுத்திருந்தா ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கும். இன்னிக்கு இங்கேயே இருக்கட்டும்."

கத்திரியக்கா அப்போதுதான் எழுந்தாள். மரத்துப்போன கை ஊசி ஊசியாகக் குத்தியது. கும்பிட்டவளின் பார்வை டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டில் போய் நின்றது. இரண்டாவது பொத்தானுக்குக் கீழே ஒரு நூல் தொங்கியது.

டாக்டரம்மாவும் குனிந்து பார்த்தார். "காலையிலேருந்து தொங்குது. இழுத்துடுங்களேன்."

"இழுக்கமாட்டேன்மா," என்றாள் கத்திரியக்கா. "ஒரு கத்திரி இருந்தாக் கொடுங்க."